டவாலி பாடிய கிணறு

கனவு காண்கிறவனைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. பெரியவர்கள் யாரும் இதைப் பழமொழியாகச் சொல்லி வைக்கவில்லை. அதற்கான தேவை எங்கள் வம்சத்தில் என் காலத்தில்தான் வந்தது.

இன்றைக்கு உத்தமபாளையத்தில் செல்போன் கடை வைத்து, மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்துக் காலம் தள்ளுகிற என்னைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஒரு காலத்தில் நான் இசைத் தயாரிப்பாளர். 'மலைக்காத்து கேசட்ஸ்' என்று ஒரு கம்பெனி. முதலாளி, தயாரிப்பாளர், சவுண்டு இன்ஜினியர், சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவர் எல்லாம் ஒரே ஆள். பதிவு கிடையாது, போர்டு கிடையாது. பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டுகளை வாங்கி, மறுபடி பதிய விடாமல் தடுக்க மேலே விட்டிருக்கும் இரண்டு ஓட்டைகளிலும் செல்லோடேப் ஒட்டி, பழைய பாட்டின் மேலேயே எங்கள் பாட்டைப் பதிவேன். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் கடைக்காரர்கள் என் சரக்கை வாங்கி மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். (யாரும் கேட்டதில்லை.) வெளிநாட்டில் இப்படித் தலைமறைவாகப் பாட்டுப் போடுகிறவர்களுக்குப் பெரிய மரியாதை உண்டென்று பிற்பாடு இன்டர்நெட்டில் படித்தேன். எங்கள் ஊரில் அதற்கு வெட்டிப்பயல் என்று பெயர்.

என் கம்பெனிக்கு ஒரே எதிரி, காற்று. எங்கள் பள்ளத்தாக்கில் வைகாசி கடைசியில் கிளம்புகிற காற்று, ஆவணி வரைக்கும் ஆளை நிம்மதியாக உட்கார விடாது. சன்னலைச் சாத்தி, சன்னலுக்கு மேல் போர்வை கட்டி, போர்வைக்கு மேல் பாய் கட்டினாலும், கேசட்டைப் போட்டுக் கேட்டால் பாடகர் பின்னால் யாரோ நெல் தூற்றுகிற மாதிரி ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். "பாட்டு நல்லாத்தான்யா இருக்கு, அந்த ஊஊஊன்னு இழுக்குறவரு யாரு?" என்று சின்னமனூர்க் கடைக்காரர் ஒருவர் மனதாரக் கேட்டார். கம்பெனிக்கு அந்தப் பெயரை வைத்ததற்காக நான் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறை.

அப்போதுதான் கிணறு அகப்பட்டது. கம்பம் ரோட்டோரம் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் இருக்கிற பழைய கல்கட்டுக் கிணறு. ஒரு கோடையில் அது அடி வரைக்கும் வற்றிக் கிடந்தபோது, உள்ளே விழுந்த அரிவாளை எடுக்க என்னை இறக்கிவிட்டார் அப்பா. இறங்கிய இடத்தில் தும்மினேன். சாதாரணத் தும்மல்தான். அது கல்லில் பட்டு, சுற்றிச் சுற்றி, மெருகேறி, பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. மேலே பந்தலைப் பிய்க்கிற காற்று. உள்ளே ஓர் இலை அசையவில்லை. தலைக்கு மேல் வட்டமாக ஒரு துண்டு வானம், கல்லிடுக்கில் இரண்டு புறா, ஈரமண் வாசனை. அரிவாளை மறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஹம்மிங் செய்ய ஆரம்பித்தேன். எனக்குச் சன்னி கண்டுவிட்டதென்று நினைத்து அம்மா மேலிருந்து அழுதார்.

அந்தக் கிணற்றுக்குத் தகுந்த குரல் எங்கள் தாலுகாவிலேயே ஒன்றுதான் இருந்தது. சிக்கந்தர் ராவுத்தர். கோர்ட்டில் டவாலி. வாசலில் நின்று வாதி, பிரதிவாதி, சாட்சி, எதிரி எல்லோர் பெயரையும் மும்மூன்று முறை கூப்பிடுகிற வேலை. அவர் கூப்பிட்டால் எதிர்ச் சாரி டீக்கடையில் கிளாஸ் அதிரும். தன் பெயரில் வழக்கே இல்லாத ஆள் கூட ஒருதரம் எழுந்து நின்றுவிட்டு உட்காருவார். அந்தக் குரலுக்குள் ஒரு பாட்டுக்காரர் இருந்தது எங்கள் தெருவுக்கு மட்டும் தெரியும். அவரே எழுதி, அவரே மெட்டுக் கட்டிய பாட்டுகள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பல காலமாக மாமன் மச்சான் உறவு. என்னை மாப்ள என்பார், நான் மாமா என்பேன்.

அந்த வருஷம் ஜூன் மாதக் கடைசியோடு அவருக்கு ரிட்டயர்மென்ட். ஒருநாள் என்னைத் தனியாக அழைத்துப்போய், யாருக்கும் கேட்காதபடி பேச முயன்றார். (அது அவருக்கு வராது. எதிர்வீட்டுச் சன்னல் திறந்துகொண்டது.)

"மாப்ள, இம்புட்டு வருசமா ஊரான் பேரத்தான் கூப்புட்டேன். எம்பேர ஒருத்தரும் கூப்புட்டதில்ல, டவாலி டவாலின்னே போயிருச்சு. போறதுக்குள்ள ஒரு கேசட்டு. மேல எம்பேரு. அன்னைக்கு ஆளுக்கொண்ணு குடுக்கணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தயாரிப்பாளருக்குரிய மிடுக்கோடு தோளில் கைவைத்து, "ஒங்க பேரு நிக்கும் மாமா" என்றேன். பாட்டைப் பதிவதற்கு முன்பே அட்டையை அச்சடித்தேன். பச்சை மலை, நீல ஆறு, நடுவில் தங்க எழுத்தில் 'பாடியவர்: உத்தமபாளையம் சிக்கந்தர் ராவுத்தர்'. அச்சகத்திலிருந்து வாங்கி வந்ததும் அவர் ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாராம். அத்தை, அதாவது அவர் சம்சாரம், சொல்லிச் சிரித்தார்.

பிரதானப் பாட்டு ஆற்றைப் பற்றியது. மலையில் பிறந்த பெண்ணை ஊருக்கு அழைக்கிற மாதிரி, 'வாடி மகளே, வளைஞ்சு வாடி, வயலு வாய் பொளந்து கிடக்குது' என்று தண்ணீரைக் கூப்பிடுகிற பாட்டு. அதில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிடும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆனால் வந்தது. பதிவுக்கு நாள் குறித்த வாரத்தில் அணை திறந்து, மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டித் தண்ணீர் இறங்கி, வாய்க்காலெல்லாம் ஓட ஆரம்பித்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அதையொட்டிய கிணறுகளில் ஊற்றுப் பிடிக்கும். இது எங்கள் பக்கம் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் ஆள் கழுத்தளவுக்குப் பச்சையாகத் தண்ணீர். என் மனசில் ஓடிய எண்ணம் இதுதான்: 'ஆகா, எக்கோவுக்குக் குளிர்ச்சி கிடைக்கும்.'

விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு வேறோர் எண்ணம் ஓடியிருக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் வந்தால் அடுத்து மோட்டார் ஓடும். எங்கள் பக்கம் மோட்டார் கிணற்றுக்குள்ளேயே, பாதி ஆழத்தில், ஒரு கல்திட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். அது ஓடத் தேவையான முழுக் கரண்ட் முறை வைத்துச் சில மணி நேரம்தான் வரும். மீதி நேரம் வருகிற கரண்டில் பல்பு எரியும், டேப் ஓடும், மோட்டார் ஓடாது. கரண்டுக்குக் காத்துக் கிடக்க முடியாமல் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பார்கள். சுவிட்சைத் தூக்கிவிட்டுப் போய்விட்டால், முழுக் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பும்.

அன்று காலை அப்பா இதைத்தான் சொன்னார். விடியவே போய் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றித் தயாராக்கிவிட்டதாகவும், ஆட்டோவில் போட்டு, மேலே சுவிட்ச் இருக்கிற மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டதாகவும், கரண்ட் முறை மாறிவிட்டதால் இனி மத்தியானத்துக்கு முன்பே வந்துவிடும் என்றும், அந்தப் பக்கம் போகாதே என்றும், என் முகத்தைப் பார்த்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நானும் அவரைப் பார்த்து "ம்" என்றேன். அந்த நேரத்தில் நான் காலிக் காபி டம்ளரைக் காதில் வைத்து எக்கோ கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா உரம் வாங்கக் கம்பத்துக்குப் போய்விட்டார்.

பத்து மணிவாக்கில் மைக் செட் தவமணி அண்ணன் மூன்று சக்கர வண்டியில் சாமானோடு வந்தார். கல்யாண வீடு, காதுகுத்து என்று ஸ்பீக்கர் குழாய் கட்டுகிறவர். நல்ல மைக்கும் டேப்பும் அவரிடம்தான் உண்டு. மோட்டார் ரூம் வாசல் பல்பு ஹோல்டரிலிருந்து லைன் எடுத்து, தென்னை மர நிழலில் டேப்பை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மைக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். கம்பெனி சார்பாக இருவருக்கும் ஒரு கட்டளை போட்டேன். அவரிடம், "அண்ணே, என்ன நடந்தாலும் டேப்ப நிறுத்தாதீக." ராவுத்தரிடம், "மாமா, என்ன நடந்தாலும் பாட்ட நிறுத்தாதீக." வாழ்க்கையில் என் பேச்சை இரண்டு பேர் அப்படியே கேட்டது அன்று ஒருநாள்தான்.

ராவுத்தர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தொப்பி சகிதம், படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். மூட்டுவலி. திட்டில் சம்மணம் போட முடியாது, நின்றால் கால் கடுக்கும். நான்தான் யோசனை சொன்னேன். மோட்டாரின் மேல் சாக்கை நான்காக மடித்துப் போட்டு, "சிம்மாசனம் மாமா, உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த அட்டையை ஒருதரம் தொட்டுக்கொண்டார். நான் எதிர்ப்படியில் நின்று கண்ணை மூடி, கையைத் தூக்கினேன்.

அந்தப் பாட்டின் முதல் பகுதியை எப்படிச் சொல்வது? இந்தக் கட்டுரையில் நான் பொய் கலக்காத ஒரே இடம் இதுதான். அவர் குரலைக் கோர்ட்டு வாசலில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அது ஆளை விரட்டுகிற குரல். இங்கே அது நிதானமாகத் தண்ணீர்மேல் போய்ப் படுத்தது. கல்லில் ஏறி, வட்ட வானம்வரை போய், இறங்கி வந்தது. புறாக்கள் பேசாமல் இருந்தன. 'வாடி மகளே, வளைஞ்சு வாடி' என்று அவர் இழுத்தபோது, மேற்கே மலையும், மலைக்குள்ளே தண்ணீரும், தண்ணீரோடு நானும் சேர்ந்து இறங்கி வருகிற மாதிரி இருந்தது. நான் பிறந்த பயனை அடைந்துவிட்டேன் என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்தது.

இரண்டாவது அடியில் அவர் மேல்ஸ்தாயிக்குப் போனார். போன இடத்தில் குரல் நடுங்கியது. சாதாரண நடுக்கமல்ல. 'வயலு வா-ஆ-ஆ-ஆ-ஆய்' என்று, எந்த வித்துவானுக்கும் வாய்க்காத, பொடிப்பொடியான ஒரு கமகம். அடடா, இத்தனை வித்தையை இந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று நான் கண்ணைத் திறக்காமலே கையை இன்னும் உயர்த்தினேன். கூடவே அடியில் ஒரு சுருதி, ம்ம்ம்ம் என்று. தம்புராகூட நான் ஏற்பாடு செய்யவில்லையே, கிணறே சுருதி போடுகிறதே என்று சொக்கிப் போனேன். (இதைத்தான் என் வீட்டுக்காரி இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.)

முகத்தில் தண்ணீர் அடித்தது. கண்ணைத் திறந்தேன்.

ராவுத்தர் மோட்டாரின்மேல் உட்கார்ந்தபடி மொத்தமாக அதிர்ந்துகொண்டிருந்தார். தொப்பி காதுக்கு வந்திருந்தது. கண் இரண்டும் வெளியே தள்ளியிருந்தது. ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை. நான் சொன்ன சொல்லுக்காக அந்தப் பெரிய மனிதர், மெட்டுத் தவறாமல், நடுங்கி நடுங்கிப் பாடிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சிதான் இன்றும் என்னைக் கூசவைக்கிறது. பைப் மூட்டில் எப்போதோ விட்டிருந்த விரிசல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி இருவர் மேலும் அடித்தது. எழுந்திருங்க மாமா என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அவர் எழ முயன்றார். மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற இடத்தில் சுற்றுகிற இரும்பு, வேட்டி நுனியைக் கவ்வியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வேட்டி இல்லை. அரைத் தொடைவரை கோடு போட்ட டவுசரும், இடுப்பில் அகலப் பச்சை பெல்ட்டுமாக அவர் சுவரோடு ஒட்டி நின்றார். நல்லவேளை, ஆளுக்கு ஒரு கீறல் இல்லை.

அவரைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று நான் ஓர் எட்டு முன்னால் வைத்தேன். பாசிப்படி. தொபுக்கடீர் என்று அடித்தண்ணீரில் போய் விழுந்தேன்.

மேலே தவமணி அண்ணனுக்கு ஹெட்போனில் இடி இறங்கியிருக்கிறது. டேப்பை நிறுத்தக் கூடாது என்ற கட்டளை நினைவிருந்ததால் அதைத் தொடாமல், கல்லைத் தூக்கி ரூம் பூட்டை உடைத்து, சுவிட்சை இறக்கினார். மோட்டார் மூச்சை விட்டு நின்றது. கிணறு திடீரென்று அமைதியானது. நான் பைப்புக்குப் பின்னால், தலையில் பாசியோடு, குடித்த தண்ணீரைத் துப்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தால் நான் தெரிய மாட்டேன்.

ராவுத்தர் குனிந்து பார்த்தார். தண்ணீர்தான் தெரிந்திருக்கிறது. பிள்ளை போய்விட்டான் என்று நினைத்துவிட்டார். பதறுகிறபோது மனிதனுக்குப் பழக்கம்தான் வாயில் வரும். அந்த மனிதர் அத்தனை வருஷத்துக் குரலையும் திரட்டி, கோர்ட்டு வாசலில் நிற்கிற மாதிரியே கூப்பிட்டார்.

"பாண்டியராசன்... பாண்டியராசன்... பாண்டியராசன்..."

ஒவ்வொன்றும் கிணற்றைச் சுற்றி வந்து, வானத்துக்குப் போய்த் திரும்பியது. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க எங்கள் தாலுகாவில் யாராலும் முடியாது. நானும் தண்ணீரைத் துப்பிவிட்டு, வேறு எதுவும் தோன்றாமல், "ஆஜர் மாமா" என்றேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் பந்தல் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கிணற்றைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எங்கள் தாலுகாவையே கைகட்டி நிற்கவைத்த டவாலி, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, அவர்கள் நடுவே படியேறினார். பின்னால் நான், பாசியோடு. சொல்லிவைத்தாற்போல் அப்பாவும் உர மூட்டையோடு வந்து சேர்ந்தார். உடைந்த பூட்டைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தவமணி அண்ணனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தண்ணி எடுத்துச்சா?"

மறுநாள் வேட்டிக்கு வேட்டி புதிதாக வாங்கிக்கொண்டு ராவுத்தர் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர்மென்ட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது, கிணறு இனி அடுத்த கோடைக்குத்தான் வற்றும், வெளியே காற்று. மிஞ்சியது, பாட்டு பாதியில் நின்ற கேசட்டும், நனைந்து தங்க எழுத்து பரவிப்போன அவருடைய அட்டையும்தான். அவர் அட்டையை வெயிலில் காயப் போட்டிருந்தார். என்னைத் திட்டினால் தேவலை போலிருந்தது. அதில என்னதான்யா பதிவாகியிருக்கு, போடு கேப்போம் என்றார். போட்டேன்.

பாட்டு ஓடியது. நடுக்கம் வந்தது. மோட்டார் இரைந்தது. பிறகு அமைதி. பிறகு என் பெயர், மூன்று முறை. அதுவரை என் கம்பெனி பதிந்ததிலேயே, ஒரு பொட்டுக் காற்றுக்கூட இல்லாமல், அத்தனை சுத்தமாகப் பதிவாகியிருந்தது அது ஒன்றுதான். கடைசியில் அடியிலிருந்து, எலி பேசுகிற மாதிரி, என் குரல்.

ராவுத்தர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அத்தை உள்ளேயிருந்து வந்து மறுபடி போடச் சொன்னார்.

"மாப்ள, எத்தன ஆயிரம் பேரக் கூப்புட்டிருப்பேன். மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் வருவாய்ங்க. ஒன் சத்தத்தக் கேட்டதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. இதையே குடுப்போம்."

அப்படியேதான் கொடுத்தோம். விடைகொடுக்கிற அன்று கோர்ட்டு வளாகத்தில் தவமணி அண்ணன் குழாயிலேயே போட்டார். வக்கீல்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். என் பெயரைக் கூப்பிட்ட இடத்தில் எதிர்ச் சாரி டீக்கடையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அட்டையில் இருந்த பெயரை வாசித்து, சிக்கந்தர் ராவுத்தர், சிக்கந்தர் ராவுத்தர் என்று எல்லோரும் கை கொடுத்தார்கள். மலைக்காத்து கேசட்ஸ் சரக்கு மேசைக்கு மேலே வந்தது அந்த ஒருமுறைதான். பாட்டை முழுசாகப் பதிய வேண்டும் என்று ஒவ்வொரு கோடையிலும் பேசுவோம். ஒரு வருஷம் கிணறு வற்றாது, ஒரு வருஷம் அவருக்கு இருமல். "வாய்தா மாப்ள, வாய்தா" என்பார். அதற்குள் கேசட் காலமே முடிந்துபோய், நான் செல்போனுக்கு மாறிவிட்டேன்.

மாறியதும் என் வீட்டுக்காரி செய்த முதல் காரியம், அந்த மூன்று அழைப்பையும் என் போனில் ரிங்டோனாக வைத்தது. பஸ்ஸில் அடித்தால் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் சட்டம் என்னவென்றால், "ஆஜர் மாமா" என்று சொல்லாமல் நான் போனை எடுக்கக் கூடாது. பிள்ளைகள் விட மாட்டார்கள்.

சில வருஷம் கழித்து ராவுத்தர் காலமானார். காலையில் சேதி வந்ததும் ஓடினேன். வீடு நிறைய ஆட்கள். வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். நான் கால்மாட்டில் போய் நின்ற அந்த நேரத்தில், எவனோ ரீசார்ஜ் போடச் சொல்லி என்னை அழைத்தான். போனை நிறுத்திவைக்க மறந்திருந்தேன்.

என் சட்டைப் பைக்குள்ளிருந்து ராவுத்தர் கூப்பிட்டார். பாண்டியராசன். கூட்டம் அப்படியே உறைந்தது. பாண்டியராசன். போன் பையில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. செத்தேன், இனி இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தேன். பாண்டியராசன்.

பெண்கள் இருந்த உள்ளறையிலிருந்து, அழுது கம்மிப்போன அத்தையின் குரல் வந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"பதில் சொல்லுய்யா. சொல்லாட்டி அவுக விடமாட்டாக."

அத்தனை பேருக்கு நடுவில், அவர் முகத்தைப் பார்த்து, சொன்னேன்.

"ஆஜர் மாமா."